வாய்ச்சொல்லும் மெய்ப்பாடும்
ஆஸ்பத்திரி நாடகங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

தொலைக்காட்சி நாடகங்களைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதத் துணிவதைக் கண்டு சில பண்டிதமணிகள் முகஞ்சுளிப்பார்கள் என்பதை நாம் அறிவோம். சிலம்புக்கும் மேகலைக்குமே இவ்விடம் உரித்தானது என்பது அவர்கள் கட்சி. ஆயினும் ஒன்று கேட்கிறோம். பந்திங்கிலும், அதனைச் சுற்றிய தோட்டப்புறங்களிலும், கிள்ளானிலும், பிரிக்ஃபீல்ட்ஸிலும் மாலை விளக்கேற்றியபின் நம்மவர் வீடுகளில் நடைபெறுவது சிலம்பா, தொடர் நாடகமா? மக்கள் எதனைக் கண்டு அழுகிறார்களோ, எதனைக் கண்டு நம்புகிறார்களோ, அதனை ஆராயாது ஒதுக்கிவிடுகின்ற விமரிசனம் யாருக்குப் பயன்படும்? அன்றியும், நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் வெறும் பொழுதுபோக்கைச் சார்ந்ததன்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் ஒருவரிடம் டாக்டர் என்ன பேசுகிறார், பேசாமலே என்ன தெரிவிக்கிறார், கிடப்பவர் வாய்திறக்க இடமுண்டா இல்லையா என்பதைப் பற்றியது. நாடகத்தில் இதனைத் தவறாகக் கற்றுக்கொண்டவர் நாளை உண்மை ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அங்கே அவருக்கு இரண்டாம் அத்தியாயம் கிடையாது.

வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்னும் தலைப்பை ஒருமுறையன்று, இருமுறை ஆண்டிருக்கிறார். 71-ஆம் அதிகாரம் பொருட்பாலில் அமைச்சியலைச் சேர்ந்தது; 110-ஆம் அதிகாரம் காமத்துப்பாலில் வருவது. பெயர் ஒன்றே, நிலைமை முற்றிலும் வேறு. முன்னதில் குறிப்பை அறிய வேண்டியவன் அரசவையில் நிற்பவன். அரசன் வாய் திறவாமலிருக்கும்போதே அவனுடைய முகத்தையும் கண்ணையும் நோக்கி உள்ளத்தை உணர்ந்துகொள்ள வேண்டும். உணராதவனுக்கு அவையில் மதிப்பில்லை. அரசன் அமைச்சனுடைய முகத்தைப் படிக்க வேண்டுமென்ற கட்டாயம் அங்கே இல்லை. பின்னதிலோ இருவர் கண்ணும் ஒன்றையொன்று படிக்கின்றன. மேலோர் கீழோர் என்னும் பேச்சே அங்கு எழவில்லை. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு கேள்வி தானே பிறக்கிறது. ஆஸ்பத்திரி என்பது இவற்றுள் எதனைச் சேர்ந்தது? நோயாளி டாக்டரின் முகத்தைப் பார்த்து நடுங்க வேண்டிய அரசவையா? அல்லது டாக்டரும் நோயாளியும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேண்டிய இடமா? 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தின் முடிவில் அவரே மருத்துவத்தை நான்கு பகுதியாக்கி, நோயுற்றவனையும் அதில் ஒரு பகுதியாகக் கணக்கிட்டிருப்பதைப் பார்த்தால், நோயாளி வெறும் சரக்கல்லன், தொழிலில் பங்காளி என்பதே அவர் கருத்தாகத் தோன்றுகிறது.

தொல்காப்பியரையும் சற்று அழைப்போம். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் களம் நான்கு என்று வகுத்தார். அச்சத்துக்கு அவர் சொன்ன காரணங்கள் தெய்வம், விலங்கு, திருடர், தன்னை ஆளும் தலைவன் என்பவை. டாக்டரை அவர் அதில் சேர்க்கவில்லை. மலாயாத் தோட்டத்தில் பிறந்திருந்தால் சேர்த்திருப்பார்.

இதனைப் பந்திங் வட்டாரத்தார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு முதல் வைத்தியர் டாக்டர் அல்லர், தோட்டத்து டிரசர். காய்ச்சல் என்று வந்து நிற்பவன் மெய்யாகவே காய்ச்சல்காரனா, வேலைக்குப் போகாமலிருக்கச் சாக்குச் சொல்கிறானா என்று தீர்ப்புக் கூறும் அதிகாரம் அவர் கையிலிருந்தது. அந்தத் தீர்ப்பில் அன்றைய கூலியே அடங்கியிருந்தது. ஆகவே நோயாளி தன் நோயைச் சொல்லுமுன் எதிரே உள்ள முகத்தைப் படித்தான். கைகட்டி நின்றான், குரலைத் தாழ்த்தினான், வயிற்றுவலியைத் தலைவலி என்றும், மூன்று நாள் நோயை நேற்றுக் கண்ட நோய் என்றும் சொன்னான். 1941-ஆம் ஆண்டில் கிள்ளானில் தொடங்கிக் கோல லங்காட் பக்கமும் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை ஓர் இலக்கிய விமரிசகன் கண்கொண்டு படிப்பது நலம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அந்தப் போராட்டம் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. தக்க வைத்திய வசதி வேண்டும் என்றது. கொடுமை செய்யும் உத்தியோகஸ்தரை நீக்கித் தமிழ் பேசத் தெரிந்தவரை வைக்க வேண்டும் என்றது. கள்ளுக்கடையை மூடவேண்டும் என்றது. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும்படி வற்புறுத்தலாகாது என்றும் சேர்த்துக் கேட்டது! ஒரு கோரிக்கை வாய்ச்சொல்லைப் பற்றியது. ஒன்று மெய்யின் நிலையைப் பற்றியது. ஒன்று மருந்தைப் பற்றியது. மூன்றும் ஒரே தாளில் இருந்ததற்குக் காரணம், மூன்றும் ஒரே அடிமைத்தனத்தின் மூன்று முகங்கள் என்பதை அத்தொழிலாளர் அறிந்திருந்ததேயாகும். நாதன் சிறைப்பட்டார், நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, துப்பாக்கிக்கு இரையானவர்களும் உண்டு. சைக்கிளிலிருந்து இறங்க மறுப்பது ஒரு சொல்லில்லாப் பேச்சு என்று நமக்குக் கற்பித்தவர்கள் அவர்கள்.

இனி நம் தொடர் நாடகங்களின் ஆஸ்பத்திரிக்குள் நுழைவோம். எந்தத் தொடராயினும் காட்சி ஒன்றே. நீண்ட தாழ்வாரம், கதவின்மேல் சிவப்பு விளக்கு, பெஞ்சில் அழுகின்ற குடும்பம். விளக்கு அணைகிறது. டாக்டர் வெளியே வருகிறார். அவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பு மாலைபோல் தொங்குகிறது. (1816-இல் பாரிஸ் நகரத்து லயனெக் என்பவர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் நேரே காதை வைக்கக் கூசிக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்த கருவி அது. பிறரைக் கேட்பதற்காகப் பிறந்த கருவியை அணிந்துகொண்டு ஒருவர் சொல்லையும் கேளாதிருப்பது நம் நாடக டாக்டர்களின் தனிச்சிறப்பு.) அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். நெற்றியைத் துடைக்கிறார். குடும்பத்தார் ஒவ்வொருவர் முகத்தையும் காமிரா தனித்தனியே மும்முறை நெருங்கிப் பார்க்கிறது. ஒவ்வொரு நெருக்கத்துக்கும் ஓர் இடி முழங்குகிறது. கண்ணாடியைக் கழற்றினால் மரணம் என்பதும், கழற்றாமல் புன்னகைத்தால் பிழைப்பு என்பதும் மூன்று வயதுக் குழந்தைக்குங்கூடத் தெரியும். அதன்பின் அவர் வாய் திறந்து, இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் எதுவும் சொல்லமுடியும் என்கிறார். அல்லது எல்லாம் ஆண்டவன் கையில் என்கிறார். நோயின் பெயர் என்ன, எந்த உறுப்பில், என்ன செய்தார்கள், இனி என்ன செய்வார்கள், எதற்கு என்ன அபாயம் என்று ஒரு சொல் கிடையாது. கேட்பாரும் இல்லை. குடும்பமே அரசவை அமைச்சர்போல் நின்று முகக்குறிப்பைப் படித்துக் கலைந்துபோகிறது.

இதில் அழகியல் குற்றம் மட்டுமன்று, அறிவுக்குற்றமும் உண்டு. ஆண்டவன் கையில் என்று டாக்டர் சொன்னவுடன் காமிரா கோயிலுக்கு ஓடுகிறது. மனைவி தீச்சட்டி ஏந்துகிறாள். மணி தானே அசைகிறது. அம்மன் படத்திலிருந்து பூ விழுகிறது. அந்த நொடியிலேயே ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு விரல் அசைகிறது. சொல்லில்லாக் குறிப்புகளின் பேரணி என்றே இதனைக் கூறலாம்! பூ பேசுகிறது, மணி பேசுகிறது, விரல் பேசுகிறது. பேசாதவர் டாக்டர் ஒருவரே. இரவெல்லாம் கண்விழித்து மூச்சையும் நாடியையும் குறித்துவைத்த நர்சுக்கு ஒரு வசனமில்லை. இரத்தம் கொடுத்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. பூவுக்கோ நன்றிப் பொங்கல். மக்களின் பக்தியைப் பற்றி இங்கு நாம் வழக்காட வரவில்லை; அதற்கு இப்பத்திரிகையில் வேறு பக்கங்கள் இருக்கின்றன. ஆனால் வைத்தியம் பயின்றவன் வாயில், விளக்கம் இருக்கவேண்டிய இடத்தில் ஆண்டவனை வைப்பது, கேட்கும் உரிமையை நோயாளியிடமிருந்து பறிக்கும் சூழ்ச்சி என்பதைச் சொல்லாமலிருக்க முடியாது. ஆண்டவனை யார் குறுக்கு விசாரணை செய்வது?

மேல்நாட்டு நாடகங்கள் இக்குற்றத்தினின்று நீங்கியவை என்று யாரும் எண்ணவேண்டா. அவற்றில் அம்மனுக்குப் பதில் யந்திரம். திரையில் ஓடும் கோடு நேராகிவிட்டது, மின்சாரம் பாய்ச்சினார்கள், கோடு துள்ளியது, பிழைத்தான். உண்மையில் அப்படி முற்றும் நேராகிவிட்ட இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுப்பது முறையன்று. ஒழுங்கு கெட்டுத் துடிதுடிக்கும் இதயத்துக்கே அது உதவும். 1996-இல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த ஆராய்ச்சியில், 'ஈ.ஆர்.' முதலிய மூன்று தொலைக்காட்சித் தொடர்களில் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் காட்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 75 பேர் அந்நேரத்துக்கு உயிர் பெற்றார்கள். 67 பேர் வீடு திரும்பினார்கள் போலவே காட்டப்பட்டது. வாழ்க்கையில் பிழைப்போர் தொகை இதற்கு எட்டாத் தாழ்வானது. தொண்ணூறு வயதுத் தகப்பனின் மார்பெலும்பு முறிய அழுத்தலாமா, அமைதியாகப் போகவிடலாமா என்று டாக்டர் மகனைக் கேட்கும் நேரத்தில், மகன் கண்முன் நிற்பது இந்தத் துள்ளும் கோடுதான். பொய்யான குறிப்பு ஒன்று உண்மையான முடிவு ஒன்றைச் செய்துவிடுகிறது.

நம் தொடர்களில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. நம் இயக்கத்தார் அதிகம் கவனிக்க வேண்டியது. நோயின் செய்தி நோயாளிக்குச் சொல்லப்படுவதில்லை. பெண்ணாயிருந்தால் ஒருபோதும் இல்லை. மருமகள் மயங்கி விழுகிறாள். டாக்டர் அம்மாள் மணிக்கட்டை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு மாமியாரை நோக்கிச் சிரிக்கிறார். தன் வயிற்றில் கருவுண்டு என்பதை அவள் மாமியாரின் முகத்திலிருந்து தெரிந்துகொள்கிறாள்! புற்றுநோய் என்றால் கணவனைத் தனியறைக்கு அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிறார்கள். அதன்பின் நாற்பது அத்தியாயம் அவளிடம் மறைப்பதே கதை. கண்ணீரை மறைக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நிற்கும் கணவனின் முதுகை ஒரு மகத்தான தியாகமாகக் காட்டுகிறார்கள். அந்த உடம்பு யாருடையது என்று எந்தப் பாத்திரமும் கேட்பதில்லை.

இவ்வளவும் சொன்னபின், தமிழில் இதற்கு மாறான முன்மாதிரி உண்டா எனின், ஒன்று உண்டு. ஸ்ரீதர் எழுதி இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்னும் 1962-ஆம் வருஷத்துப் படம். அது சினிமாவாகப் பிறந்ததேயானாலும் இன்று நம்மவரிற் பெரும்பாலோர் அதனைக் கண்டது வீட்டுப் பெட்டியில்தான். ஏறக்குறையக் கதை முழுதும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நிகழ்கிறது. நுரையீரற் புற்றுநோய் கண்ட வேணுவை அவன் மனைவி சீதா கொண்டுவந்து சேர்க்கிறாள். அங்குள்ள டாக்டர் முரளி அவளுடைய பழைய காதலன். முத்துராமன், தேவிகா, கல்யாண்குமார் மூவரும் நடித்தனர். இந்தக் கதையின் உயிர் நிலை எங்கே இருக்கிறது? சொல்லக்கூடாத ஒன்றை மூவர் மூன்று விதமாகச் சுமக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. டாக்டர் நோயாளியை நாள்தோறும் தொட்டுச் சோதிக்க வேண்டும். அதே நேரத்தில் அவன் மனைவியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கலாகாது. பழைய காதலன் கையில் கத்தி. இவன் காப்பானா, கைவிடுவானா என்னும் ஐயம் பார்ப்போர் நெஞ்சில் எழுந்துகொண்டேயிருக்கிறது. அதற்கு அவன் வாயால் எத்தனை உறுதி சொன்னாலும் போதாது; கையால் சொல்ல வேண்டும். வேணுவோ கட்டிலில் கிடக்கும் மரக்கட்டையல்லன். அவன் கவனிக்கிறான், அறிகிறான், அறிந்ததைப் பேசுகிறான். தமிழ்த் திரையில் நோயாளி ஒருவன் டாக்டரைப் படித்து, டாக்டரும் தான் படிக்கப்படுவதை உணர்ந்து கூசுவது நமக்குத் தெரிந்தவரை இங்கேதான் முழுமையாக நடக்கிறது. 110-ஆம் அதிகாரம் ஆஸ்பத்திரிக்குள் எட்டிப் பார்த்தது என்று சொல்லலாம்! வின்சென்டின் காமிரா கட்டிலுக்கடியிலும் புகுந்து பார்த்ததென்று இரசிகர்கள் இன்றும் வியப்பதில் பொருளுண்டு. கிடப்பவன் மட்டத்துக்கு இறங்கிய காமிரா அது.

ஆயினும் விமரிசகன் இங்கேயே நின்று கைதட்டிவிட்டுப் போகலாகாது. தான் இறந்தால் மனைவி அந்த டாக்டரையே மணந்துகொள்ள வேண்டும் என்று வேணு கேட்கிறான். விதவை மறுமணச் சட்டம் 1856-இல் வந்தது. செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு 1929-இல் கூடிப் பெண்ணுரிமை பேசியது. 1962-இல் ஒரு கணவன், சாகுமுன், அதனைத் தன் வாயால் கேட்பதாக எழுதிய ஸ்ரீதரின் துணிவைப் பாராட்டுகிறோம். ஆனால் கேள்விக்கு விடை எவ்வாறு வருகிறது? வாதத்தினால் அன்று, பாட்டினாலும் கண்ணீரினாலும். சீதா மறுக்கலாம்; மறுக்க அவளுக்கு உரிமையுண்டு. வேண்டாம் என்பதற்கு அவளுக்கென்று ஒரு காரணம் இருந்திருந்தால் அதனைத் தலைவணங்கிக் கேட்போம். கேட்கத் தகாததைக் கேட்டுவிட்டான் என்னும் பதைப்பன்றி வேறொன்றும் நமக்குக் கிடைப்பதில்லை. பெயரிட்டபோதே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சீதா என்று பெயர் வைத்தபின் வேறு என்ன செய்வாள்? முடிவில் சிகிச்சை வெற்றி பெறுகிறது, கணவன் பிழைக்கிறான், உழைத்துத் தேய்ந்த டாக்டர் மாள்கிறான். கேள்வியே எழாதபடி கதையின் இரண்டு பக்கத்தையும் அடைத்தாகிவிட்டது. மெய்ப்பாட்டில் இவ்வளவு நுட்பம் காட்டிய படம், வாய்ச்சொல்லில் கடைசியில் நழுவிவிட்டதென்பதே எமது அபிப்பிராயம். இதுவன்றி, வார்டு ஊழியராக நாகேஷும் நர்சாக மனோரமாவும் வரும் பகுதி சிரிப்புக்கென்றே ஒதுக்கப்பட்டிருப்பதையும் கவனிக்கலாம். சிரித்தோம், மறுக்கவில்லை, நாகேஷைக் கண்டு சிரியாதிருப்பவன் சந்நியாசியாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் நோயாளியோடு அதிக நேரம் பேசுகிறவர்கள் அவ்வேலைக்காரர்களே அல்லவா? அவர்கள் பேச்சைக் கோமாளித்தனமாக்கி, டாக்டரின் மௌனத்தைக் காவியமாக்குவது பழைய நாடக ஜாதிமுறை.

நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த 'வசூல் ராஜா எம்.பி.பி.எஸ்.' (2004) அந்த முறையைச் சற்று அசைத்தது. 2003-இல் வந்த இந்திப் படம் ஒன்றின் தழுவல் அது. சரண் இயக்கினார், கமல்ஹாசன் நடித்தார், கிரேசி மோகன் வசனம் எழுதினார். மருத்துவ மாணவனாக உள்ளே வந்த ரவுடி, தரை துடைக்கும் கிழவரைக் கட்டித் தழுவுகிறான். நடப்பவரெல்லாம் தான் துடைத்த இடத்தை மிதித்துக்கொண்டு போகக் கத்திக்கொண்டிருந்தவர், ஒரு தழுவலில் அடங்குகிறார். தொட்டால் தீட்டு என்று ஆயிரம் வருஷம் வாழ்ந்த சமுதாயத்தில், துடைப்பம் ஏந்தியவனை வெள்ளைக்கோட்டு அணிந்தவன் தழுவுவது சிறிய காரியமன்று. 'கட்டிப்பிடி வைத்தியம்' என்று ஊரெல்லாம் அதனைக் கேலியாகச் சொன்னபோதும், கேலிக்குள் ஏக்கம் ஒன்று இருந்தது. எதிர்க்கட்சியும் படத்தில் உண்டு: பிரகாஷ்ராஜ் நடித்த தலைமை டாக்டர், நோயாளியிடம் பற்று வைத்தால் கை நடுங்கும் என்னும் கொள்கையினர். இதனை முட்டாள்தனமென்று தள்ளிவிட முடியாது. கத்தி பிடிப்பவனுக்குக் கை நடுங்கலாகாதுதான். ஆனால் படம் அவ்வாதத்துக்கு விடை சொல்லாமல் அவரைச் சிரிப்புப் பொம்மையாக்கி வென்றுவிடுகிறது. நமக்கு வேறொரு குறையும் தோன்றுகிறது. தழுவுகின்ற உரிமை எப்பொழுதும் கதாநாயகனுடையது. அந்தக் கிழவர் தலைமை டாக்டரைத் தழுவ முடியுமா? தழுவப்படுபவரிடம் யாரேனும் கேட்டார்களா? கட்டிலில் கிடக்கும் ஒரு பெண் இந்த வைத்தியம் எனக்கு வேண்டாம் என்றால் அதற்கு அங்கே இடமுண்டா? தொடுகை ஒரு மொழியென்றால், மறுமொழி கூறவும் வழி இருக்க வேண்டும். இல்லையேல் அதுவும் மேலிருந்து கீழே வருகின்ற இன்னோர் உத்தரவேயாகும்.

அதே 2004-இல் அமெரிக்காவில் தொடங்கி 2012 வரை எட்டுப் பருவங்கள் ஓடிய 'ஹவுஸ்' என்னும் தொடர் இதற்கு நேர் எதிர். நம் இளைஞர் பலர் அதனை விரும்பிப் பார்த்திருக்கிறார்கள். ஹியூ லாரி நடித்த அந்த டாக்டர் தழுவமாட்டார், கைகுலுக்கமாட்டார், வெள்ளைக்கோட்டு அணியமாட்டார், கூடுமானவரை நோயாளியின் அறைக்குள்ளேயே போகமாட்டார். ஊன்றுகோலும் நொண்டும் காலும் வலிமாத்திரைப் பழக்கமுமே அவர் உடம்பின் பேச்சு. அவருடைய சித்தாந்தம் ஒரு வரியில் அடங்கும்: நோயாளி வாயால் பொய் சொல்வான், உடம்பு பொய் சொல்லாது. ஆகவே வாயைக் கேளாமல் உடம்பைக் கேட்கிறார். சீடர்களை ஏவி, அனுமதியின்றி நோயாளியின் வீட்டுக்குள்ளும் புகுந்து சோதனை போடச் சொல்கிறார். இப்பாத்திரத்தின் பாட்டன் ஷெர்லக் ஹோம்ஸ் என்பது தெரிந்த செய்தி. ஆனால் ஹோம்ஸுக்கே பாட்டன் ஒரு டாக்டர்! எடின்பரோ நகரத்து ஜோசப் பெல், வந்து நிற்பவரின் நடையையும் கையையும் பார்த்தே அவர் தொழிலைச் சொல்லிவிடுவார். அவரிடம் பயின்ற கோனன் டாயில் அந்தத் திறமையைத் துப்பறிவோனுக்குக் கொடுத்தார். வைத்தியத்திலிருந்து போலீசுக்குப் போன கலை, ஒரு சுற்றுச் சுற்றிப் போலீஸ் புத்தியோடு வைத்தியத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. அரசவையையும் காதலரையும் கூறிய வள்ளுவர் இந்த மூன்றாவது குறிப்பறிதலுக்கு அதிகாரம் வகுக்கவில்லை. இங்கே படிப்பவர் டாக்டர்தான். ஆனால் குற்றவாளியைப் படிப்பதுபோல் படிக்கிறார்.

அத்தொடரின் முதற் கதையை நாம் சிறப்பாகக் கருதுகிறோம். சிறுபிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியை ஒருத்தி, வகுப்பின் நடுவே பேச்சிழந்து விழுகிறாள். நோய் தொடங்குவதே சொல் போனதில்! பலவித மருந்தும் பலிக்காமல் வெறுத்துப்போய், இனிச் சிகிச்சையே வேண்டாம், மானத்தோடு சாகவிடுங்கள் என்கிறாள். நோய் மூளையில் புகுந்த நாடாப்புழு என்று ஹவுஸ் ஊகித்துவிட்டார், ஊகம் சரியானதே. ஆனால் அவருடைய ஊகத்துக்காக இன்னொரு மருந்தை விழுங்க அவள் இசையவில்லை. பிறகு துடையில் எக்ஸ்ரே எடுத்து, அங்கே கிடக்கும் புழுவை அவள் கண்ணுக்கே காட்டுகிறார்கள். கண்டபின் இசைகிறாள். மேதை தோற்ற இடத்தில் ஒரு படச்சுருள் வென்றது. ஏன்? அதுவரை அவளைப் பற்றி எல்லோரும் அறிந்தார்கள். இப்பொழுதுதான் அவளும் அறிந்தாள். தொடர் எழுதியவர்களே இதன் பெருமையை முழுதும் உணர்ந்தார்களா என்பது ஐயம். பின்னர் வந்த அத்தியாயங்களில் மேதையின் குத்தல் வசனங்களே கொண்டாடப்பட்டன. மேலும், நோயாளி ஏன் பொய் சொல்கிறான் என்று அந்த மகா மேதை தொடர் முழுதும் சரியாக விசாரிக்கவில்லை. வயிற்றுவலியைத் தலைவலி என்ற தோட்டத்து மனிதனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். பொய் அவன் இயல்பன்று. எதிரே இருந்த முகத்தைப் படித்துப் பெற்ற பாடம்.

இவ்விடத்தில் ஒரு மூடநம்பிக்கையைத் தட்டிவிட்டுப் போகலாம். பேச்சில் சொல்லுக்கு 7 பங்கு, குரலுக்கு 38 பங்கு, முகத்துக்கு 55 பங்கு என்று பயிற்சி வகுப்பு நடத்துவோர் வேதவாக்கியம்போல் ஓதுகிறார்கள். 1967-இல் மெஹ்ராபியன் என்னும் அமெரிக்க ஆசிரியர் செய்த சோதனைகளிலிருந்து வந்த கணக்கு அது. தனித்தனிச் சொற்களைப் பலவிதக் குரலிலும் முகத்தோடும் காட்டி, பேசுபவருக்கு நம்மிடம் விருப்பா வெறுப்பா என்று ஊகிக்கச் செய்தார், அவ்வளவே. எல்லாப் பேச்சுக்கும் அதனைப் பொருத்தலாகாது என்று அவரே சொல்லியிருக்கிறார். எந்த மாத்திரையை எத்தனை வேளை உண்பது என்பதை முகத்தின் 55 பங்கிலிருந்து யார் தெரிந்துகொள்வார்? சொல்லைக் குறைத்து முகத்தை உயர்த்தும் இத்தகைய தத்துவம், விளக்கம் கூற விரும்பாதவர்க்கு நல்ல புகலிடம். அதனினும் நமக்குப் பயன்படும் கணக்கு வேறொன்று. 1984-இல் பெக்மன், பிராங்கெல் என்னும் இருவர், நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கியபின் டாக்டர் சராசரி 18 விநாடியில் குறுக்கிடுகிறார் என்று கண்டார்கள். பதினெட்டு விநாடி! நம் தொடர்களில் ஓர் இடி முழங்கி ஓய்வதற்கே அவ்வளவு நேரம் ஆகிறது.

நம் நாட்டுத் தமிழ் நாடகாசிரியர்கள் தமிழகத்துத் தாழ்வாரத்தையும் சிவப்பு விளக்கையும் அப்படியே இறக்குமதி செய்ய வேண்டிய அவசியம் என்ன? இங்குள்ள ஆஸ்பத்திரியில் கதைக்குப் பஞ்சமா? அவசரப் பிரிவில் நுழைந்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மனிதரைப் பிரிக்கிறார்கள். பச்சைப் பகுதியில் நான்கு மணி நேரம் காத்திருக்கும் ஒருவருக்கு, காத்திருப்பது அலட்சியத்தாலன்று, தம்மைவிட அதிக அபாயத்திலிருப்பவருக்கு வழிவிட்டே என்பதை யாரேனும் அவர் மொழியில் சொன்னால் பாதிக் கோபம் தணியும். பந்திங்கிலிருந்து கிள்ளானுக்கு ஆம்புலன்சில் அனுப்பப்படுபவர், அங்கே நிபுணர் இருப்பதால் அனுப்புகிறார்களா, கைவிட்டு அனுப்புகிறார்களா என்று அறியாமலே அந்தப் பாதை முழுதும் படுத்துக்கிடக்கிறார். இவற்றில் நாடகம் இல்லையா?

முக்கியமானது மொழி. நோவைக் கூறத் தமிழில் எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், எரிச்சல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, பிடிப்பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய்க்கு வழிகாட்டி. மலாயிலும் அதற்கதற்குத் தனிச்சொற்கள் உண்டு. ஆனால் நம் முதியோர் பலர் அறிந்தது 'சாக்கிட்' ஒன்றே. எட்டுச் சொல்லோடு வீட்டிலிருந்து புறப்பட்டவர் ஒரு சொல்லோடு டாக்டர் முன் உட்காருகிறார். மற்ற ஏழையும் அவர் முகமும் கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்க்கத் தெரிந்த டாக்டராயின் பார்ப்பார்.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பாட்டி ஒருத்தி. எதிரே, வேலைக்குப் புதிதான மலாய் இளைஞர், டாக்டர், நல்லவர், களைத்தவர். இருவருக்கும் நடுவே பன்னிரண்டு வயதுப் பேத்தி, பள்ளிச் சீருடையோடு, மொழிபெயர்ப்பாளி. டாக்டர் கர்ப்பப்பையைப் பற்றிக் கேட்கிறார். பேத்திக்கு அச்சொல்லுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தாலும் பாட்டியிடம் சொல்லக் கூச்சம். வயிறு என்று சொல்லிவிடுகிறாள். பாட்டி, பேத்தியின் காதில் விழலாகாதென்று பாதியை விழுங்கி மீதியைச் சொல்கிறாள். டாக்டரின் கண் பேத்தியின் மேலேயே இருக்கிறது. நோயாளி பக்கம் திரும்பவில்லை. புற்றுநோய் என்ற சொல் வருகிறது. இப்பொழுது அந்தச் சிறுமி என்ன செய்வாள்? பூ விழவேண்டியதில்லை, இடி முழங்க வேண்டியதில்லை, கண்ணாடியைக் கழற்றவும் வேண்டியதில்லை. காமிரா பாட்டியின் கண்மட்டத்தில் நிற்கட்டும். டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் பாட்டியை நேரே பார்க்க எத்தனை விநாடி ஆகிறது என்பதே காட்சியின் அளவாக இருக்கட்டும். பாட்டிக்கும் ஒரு வசனம் எழுதவேண்டும், பேத்தியின் வழியாக அன்று, தன் வாயாலேயே டாக்டரிடம் சொல்லும் வசனம். எனக்கு விளங்கவில்லை என்பதே அதுவாக இருக்கலாம். மலாயில் அதற்கு மூன்று சொற்களே வேண்டும்: சாயா தாக் ஃபாஹாம்.